மாநில கோர்ட்டில் தோற்றுவிட்டேன், ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாமா?

நியூ ஜெர்ஸியில் எடிசன் பக்கமிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மென்பொருள் வேலை, எச்-1பி விசா, மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு மகள். போன வருடம் வீடு மாறினார். பழைய வீட்டுக்காரர் நியூயார்க்கில் வசிப்பவர். கார்ப்பெட்டில் கறை, சுவரில் ஆணி ஓட்டை என்று கணக்குச் சொல்லி 3,600 டாலர் டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டார். வாசகர் வக்கீல் வைக்காமல் நியூ பிரன்ஸ்விக்கில், சின்னத் தொகை வழக்குகளைக் கேட்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டார். நீதிபதி இருபது நிமிடம் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அது நடந்து மூன்று வாரம் ஆகிறது.

அடுத்தது சம்பளப் பாக்கி. முன்பு வேலை பார்த்த கன்சல்டிங் கம்பெனி, ப்ராஜெக்ட் இல்லை என்று நான்கு மாதம் பெஞ்சில் உட்காரவைத்து ஒரு காசு தரவில்லை. பாக்கி 28,000 டாலர். கம்பெனி டெக்சாஸில் இருக்கிறது, இவர் எடிசன் வீட்டிலிருந்தபடியே வேலை செய்தவர். வேறு கம்பெனிக்கு மாறிப் பத்து மாதம் முடிந்துவிட்டது.

இதற்கு நடுவில் நியூவர்க் ஃபெடரல் கோர்ட்டிலிருந்து ஜூரி சம்மன் (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார அழைப்பு) வந்திருக்கிறது. மோசடியாக இருக்கும் என்று மனைவி சொன்னதால் உறை மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது.

மதுரையில் வக்கீலாக இருக்கும் மைத்துனர் தொலைபேசியில் சொன்ன யோசனை இது: “முன்சீப் கோர்ட்டில் தோற்றால் மேலே போகிறோம் இல்லையா, அந்த மாதிரி ஃபெடரல் கோர்ட்டுக்குப் போங்க மாப்பிள்ளை. ரெண்டு கேஸையும் ஒண்ணாச் சேருங்க. மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் டாலர் போடுங்க. அங்கேயும் நடக்கலைன்னா சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு லெட்டர் எழுதிப் போடுங்க.”

வாசகர் கேட்பவை: இது நடக்குமா? குடிமகன் அல்லாத நான் ஃபெடரல் கோர்ட் படியேற முடியுமா? வழக்குப் போட்டால் கிரீன் கார்டுக்குப் பாதகம் வருமா?

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் தேதிகளைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். டெபாசிட் வழக்கில் மேல்முறையீடு செய்ய, தீர்ப்பு நாளிலிருந்து 45 நாள். அதில் பாதி போய்விட்டது. சம்பளப் பாக்கிக்கு ஃபெடரல் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்க, கடைசி மீறல் நடந்த நாளிலிருந்து 12 மாதம். அதில் இன்னும் இரண்டு மாதம்கூட முழுதாக இருக்குமோ என்னவோ, சம்பளச் சீட்டுகளை எடுத்துத் தேதி பாருங்கள். உங்கள் மைத்துனர் சொன்ன வழியில் போனால் இந்த இரண்டு கெடுவும் நீங்கள் ஃபெடரல் கோர்ட் வாசலில் நிற்கும்போதே முடிந்துபோகும்.

அவர் மேல் தப்பில்லை. நானும் சென்னையில் எட்டு வருடம் கறுப்பு அங்கி போட்டுவிட்டு இங்கே வந்து மறுபடி சட்டம் படித்தவள்தான். வந்த புதிதில் எனக்கும் இதே குழப்பம் இருந்தது. நம் ஊரில் ஏணி ஒன்றுதான். வாடகைத் தகராறாக இருந்தாலும் மத்தியச் சட்டத்தின் கீழ் வரும் வழக்காக இருந்தாலும் கீழ்க்கோர்ட், மாவட்ட நீதிமன்றம், ஹைகோர்ட், டெல்லி என்று ஒரே படிக்கட்டில் ஏறுகிறது. சட்டம் இயற்றியது நாடாளுமன்றமா சட்டமன்றமா என்று எந்த நீதிபதியும் வாசலில் நிறுத்திக் கேட்பதில்லை.

இங்கே ஏணி இரண்டு. மாநிலத்துக்கு ஒன்று, ஃபெடரல் அரசுக்கு, அதாவது மத்திய அரசுக்கு, ஒன்று. நியூ ஜெர்ஸியின் ஏணியில் முதல் படி சுப்பீரியர் கோர்ட். நீங்கள் போன ஸ்மால் கிளெய்ம்ஸ் அதன் ஒரு சின்னப் பிரிவு. அதற்கு மேல் அதே கோர்ட்டின் அப்பீல் பிரிவு, அதற்கும் மேல் டிரென்டனில் நியூ ஜெர்ஸியின் சொந்த சுப்ரீம் கோர்ட். ஃபெடரல் ஏணியில் முதல் படி டிஸ்ட்ரிக்ட் கோர்ட், நாடு முழுக்க 94. பெயரைக் கேட்டு நம்மூர் மாவட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். நியூ ஜெர்ஸி முழுவதும் சேர்ந்து ஒரே டிஸ்ட்ரிக்ட். நியூவர்க், டிரென்டன், கேம்டன் என்று மூன்று ஊரில் உட்காருகிறது. டெக்சாஸில் நான்கு டிஸ்ட்ரிக்ட். இவற்றுக்கு மேலே 13 அப்பீல் கோர்ட்டுகள். நமக்கு உரியது மூன்றாவது சர்க்யூட், பிலடெல்ஃபியாவில். (வாஷிங்டன் சர்க்யூட்டில் 2020-இல் தலைமை நீதிபதியான ஸ்ரீ சீனிவாசனின் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஊர்ப் பெருமைக்காகச் சொல்லிவைக்கிறேன், வழக்குக்கு உதவாது.) உச்சியில் ஒன்பது பேர் கொண்ட சுப்ரீம் கோர்ட்.

இந்த இரண்டு ஏணிகளும் பக்கத்துப் பக்கத்து வீட்டுச் சுவரில் சாத்தியவை. ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்குத் தாவ முடியாது. மாநில கோர்ட்டில் தோற்றவர், அந்தத் தீர்ப்பு தவறு என்று சொல்லி ஃபெடரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்குப் போனால், “உன் வழக்கை மறுபடி விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1923-இலும் 1983-இலும் சுப்ரீம் கோர்ட் சொன்ன இரண்டு தீர்ப்புகளின் பெயரைச் சேர்த்து இந்த விதியை ரூக்கர்-ஃபெல்ட்மன் என்கிறோம். மாநில நீதிபதியின் தீர்ப்பைத் திருத்த ஃபெடரல் டிஸ்ட்ரிக்ட் நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. அவர் மேலதிகாரி அல்ல, அவ்வளவுதான்.

நாலு கட்டம்

ஃபெடரல் கோர்ட்டில் புது சிவில் வழக்குப் போடும்போது மனுவோடு ஒரு பக்க முகப்புப் படிவம் ஒன்றும் கொடுக்கவேண்டும். என் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் யாருக்கும் அரசியல் சட்டத்தை விளக்குவதற்கு முன்னால் அந்தப் படிவத்தைத்தான் கையில் கொடுப்பேன். முதல் பகுதியில் யார் மேல் யார் வழக்கு என்று எழுதவேண்டும். இரண்டாவது பகுதியில் நான்கு கட்டங்கள் இருக்கும், ஒன்றில் மட்டும் குறி போடச் சொல்லும். அமெரிக்க அரசு வாதியா? அமெரிக்க அரசு பிரதிவாதியா? ஃபெடரல் சட்டம் சம்பந்தப்பட்ட கேள்வியா? இரு தரப்பும் வெவ்வேறு மாநிலத்தவரா? எதிலும் குறி போட முடியாவிட்டால் உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் வழக்கு அங்கே நிற்காது. உங்களுக்கு என்ன அநியாயம் நடந்தது என்று கேட்பதற்கு முன்னால் “நீ எந்த வழியாக உள்ளே வந்தாய்” என்று கேட்கிற கோர்ட் அது.

கேள்வியைத் தொடக்கத்தில் யாரும் கேட்கவில்லையே, தப்பித்தோம் என்றும் இருக்க முடியாது. 1804-இல் ஒரு வழக்கு. போட்டவரே தோற்றுவிட்டார். தோற்றவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், “நான் போட்ட வழக்கில் நாங்கள் இருவரும் எந்த மாநிலத்துக் குடிமக்கள், யாராவது வெளிநாட்டவரா என்று யாரும் காட்டவே இல்லை, அதனால் அந்தக் கோர்ட்டுக்கு விசாரிக்கவே அதிகாரம் இல்லை” என்றார். தீர்ப்பு ரத்து! தன் தவறையே காட்டித் தப்பித்தார் மனிதர். இன்றைக்கும் அந்த விதி அப்படியே இருக்கிறது. ஜெயித்த பிறகுகூட மேல்முறையீட்டில் இந்தக் காரணத்துக்காக எல்லாம் அடித்துப்போகலாம்.

சரி, உங்கள் டெபாசிட் வழக்கை இந்தக் கட்டங்களில் வைத்துப் பாருங்கள். அரசு இதில் இல்லை. வாடகை டெபாசிட் முழுக்க முழுக்க நியூ ஜெர்ஸி சட்டம், ஃபெடரல் கேள்வி ஏதுமில்லை. வீட்டுக்காரர் நியூயார்க், நீங்கள் இந்தியக் குடிமகன்; வெளிநாட்டவரும் நாலாவது கட்டத்தில் அடங்குவார்கள். ஆக நாலாவது கட்டத்தில் ஆட்கள் பொருந்துகிறார்கள். ஆனால் அந்தக் கட்டத்துக்கு ஒரு தொகை வரம்பு உண்டு. தகராறு 75,000 டாலருக்கு மேல் இருக்கவேண்டும். உங்களுடையது 3,600.

மைத்துனரின் ஒரு லட்சம் இங்கேதான் வருகிறது. நம் ஊர் வக்கீல் நோட்டீஸில் மன உளைச்சலுக்கு ஒரு தொகை போடாவிட்டால் கட்சிக்காரருக்கே திருப்தி வராது, எனக்குத் தெரியும். இங்கே நீங்கள் கேட்கும் தொகையைப் பொதுவாக நம்புவார்கள். ஆனால் அந்தத் தொகை சட்டப்படி கிடைக்கவே வழியில்லை என்று தெளிவாகத் தெரிந்தால் வழக்கையே தள்ளிவிடுவார்கள். டெபாசிட் தகராறில் மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் என்பது அந்த ரகம். வேண்டுமென்றே ஊதிய தொகை என்று நீதிபதிக்குப் பட்டால் அபராதமும் வரலாம். இரண்டு வழக்கையும் சேர்ப்பதும் ஆகாது. ஒரே எதிராளி மேல் உள்ள பாக்கிகளைக் கூட்டிக் காட்டலாம். வீட்டுக்காரர் கணக்கையும் கம்பெனி கணக்கையும் கூட்ட முடியாது.

அப்படியானால் டெபாசிட் வழக்கில் மீதி இருப்பது மாநில அப்பீல் பிரிவு மட்டும்தான். போகலாமா? நியூ ஜெர்ஸி சட்டப்படி வீட்டுக்காரர் வாடகை முடிந்த 30 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்பவேண்டும், பிடித்தம் இருந்தால் என்னென்ன என்று பட்டியல் தரவேண்டும். சாதாரணமாகப் புழங்கியதால் வந்த தேய்மானத்துக்குப் பிடிக்கக்கூடாது. தவறாகப் பிடித்திருந்தால் அதன் இரண்டு மடங்கு கிடைக்கும். பட்டியலே வராதபோது நீதிபதி அதைக் கண்டுகொள்ளவில்லை என்றால் அது சட்டப் பிழை, அப்பீலுக்குப் பொருள் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, “கறை ஏற்கெனவே இருந்தது என்று நான் சொன்னேன், அவர் நம்பவில்லை” என்பதுதான் உங்கள் குறை என்றால், அப்பீல் நீதிபதிகள் அதில் தலையிடமாட்டார்கள். புதுப் புகைப்படங்களையும் காட்ட முடியாது, கீழே நடந்ததன் எழுத்துப்படியை மட்டும்தான் பார்ப்பார்கள். அந்த எழுத்துப்படிக்கும் கட்டணம், அப்பீலுக்கும் கட்டணம். உங்கள் கடிதத்தைப் படித்த வரையில் நான் இந்த வழக்கை விட்டுவிடுவேன். கசப்பாக இருக்கும், தெரியும்.

குடிமகன் இல்லையே?

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். “நான் இந்த நாட்டுக்காரன் இல்லை, ஃபெடரல் கோர்ட் என்னை உள்ளே விடுமா?” விடும். சொல்லப்போனால் அந்த நாலாவது கட்டம் என்ற வாசலின் ஒரு பாதியை வெளிநாட்டுக்காரருக்காகவே வைத்தார்கள்.

சுதந்திரப் போர் முடிந்து 1783-இல் பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, பிரிட்டிஷ் வணிகர்கள் அமெரிக்கர்களிடமிருந்து பழைய கடனை வசூலிக்கத் தடை இருக்கக்கூடாது என்று அதில் ஒரு ஷரத்து போட்டார்கள். ஷரத்து காகிதத்தில் இருந்தது. மாநிலங்களில் நடந்தது வேறு. கடன்காரன் உள்ளூர்க்காரன், ஜூரியில் உட்கார்ந்திருப்பவர்களும் உள்ளூர்க்காரர்கள், அவர்களில் சிலருக்கே லண்டனில் கடன் பாக்கி இருந்திருக்கும். எந்த ஆங்கிலேய வணிகனுக்கு அங்கே பணம் திரும்பும்? வெளியாளுக்கு நியாயம் கிடைக்காத நாட்டுக்கு வெளியார் கடன் கொடுக்கமாட்டார்கள் என்ற கவலை 1787-இல் அரசியல் சட்டம் எழுதியவர்களுக்கு இருந்தது. அதனால் மூன்றாவது பிரிவில், மாநிலங்களின் குடிமக்களுக்கும் வெளிநாட்டுக் குடிமக்களுக்கும் இடையிலான வழக்குகளும் ஃபெடரல் நீதி அதிகாரத்துக்குள் வரும் என்று எழுதிவைத்தார்கள். 1789-இல் ஃபெடரல் கோர்ட்டுகளை உண்டாக்கிய சட்டத்திலும் அது இடம்பெற்றது. நீதிபதிகளின் பதவியும் இந்தக் கவலையோடு ஒட்டியதுதான். ஜனாதிபதி நியமித்து செனட் ஒப்புக்கொண்டபின் நன்னடத்தை உள்ளவரை பதவி, சம்பளத்தைக் குறைக்க முடியாது, ஓய்வு வயதும் கிடையாது. அடுத்த தேர்தலில் ஓட்டு வாங்கவேண்டிய நீதிபதிக்கு உள்ளூர் கோபத்தைத் தாங்குவது கஷ்டம்; இவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

அதனால் விசாவில் இருப்பதாலேயே உங்கள் உரிமை குறைந்துவிடாது. ஒரு வேடிக்கைகூட உண்டு. கிரீன் கார்டு வாங்கி ஒரு மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவர், அதே மாநிலத்துக் குடிமகன் மேல் இந்த நாலாவது வாசல் வழியாக வழக்குப் போட முடியாது. எச்-1பி-யில் இருக்கும் உங்களுக்கு அந்தத் தடை இல்லை. விசாக்காரனுக்குக் கிரீன் கார்டுக்காரனைவிட ஒரு உரிமை கூடுதலாக இருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

28,000 டாலர்

சம்பளப் பாக்கிதான் உங்கள் கையில் இருக்கும் நல்ல வழக்கு. ப்ராஜெக்ட் இல்லை என்பது கம்பெனியின் பிரச்சினை. எச்-1பி-யில் ஆள் எடுத்தால் பெஞ்சில் இருந்தாலும் சம்பளம் தரவேண்டும் என்பது விதி. நீங்களாகக் கேட்டு எடுத்த விடுப்பு மாதிரியான காரணங்களுக்குத்தான் விலக்கு. உங்களை முறையாக வேலையிலிருந்து நீக்கியிருந்தால் கதை வேறு, அப்படி நடந்ததாக நீங்கள் எழுதவில்லை.

எச்-1பி ஃபெடரல் சட்டம், ஆகவே மூன்றாவது கட்டத்தில் குறி போட்டு நேரே ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாம் என்று தோன்றும். அது அப்படி வேலை செய்வதில்லை. இந்தச் சம்பள விதியை அமல்படுத்தும் பொறுப்பைச் சட்டம் தொழிலாளர் துறையிடம் கொடுத்திருக்கிறது. தொழிலாளி நேரடியாக வழக்குப் போடும் உரிமையை இந்த விதி தரவில்லை என்றே கோர்ட்டுகள் சொல்லிவந்திருக்கின்றன. எனவே முதல் நடை, அந்தத் துறையின் ஊதியப் பிரிவுக்கு டபிள்யூ.எச்-4 என்ற புகார்ப் படிவம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. அவர்கள் விசாரித்து முடிவு சொல்வார்கள். பிடிக்காவிட்டால் 15 நாளுக்குள் அதே துறையின் நிர்வாக நீதிபதியிடம் விசாரணை கேட்கலாம், அதற்கு மேல் மறுபரிசீலனை வாரியம், அதற்கும் பிறகுதான் ஃபெடரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட். நீதிபதி என்ற பெயரும் மேடையும் இருப்பதால் எல்லாமே ஃபெடரல் கோர்ட் ஆகிவிடாது. குடியேற்ற கோர்ட்டும் அப்படித்தான். அது நீதித் துறை அமைச்சகத்தின் ஓர் அலுவலகம். அங்கே உட்காருகிறவருக்கு ஆயுள் பதவி கிடையாது.

படிவத்தோடு சேர்க்க: அந்த நான்கு மாதத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, ப்ராஜெக்ட் முடிந்தது என்று வந்த மின்னஞ்சல், மாதாமாதம் நீங்கள் கேட்டு அவர்கள் மழுப்பிய வாட்ஸ்அப் செய்திகள். அப்புறம் எல்.சி.ஏ. என்ற தாள். சம்பளம் இவ்வளவு தருவோம் என்று கம்பெனி அரசிடம் உறுதி சொன்ன தாள் அது. வேலைக்குச் சேரும் நாளுக்குள் உங்களுக்கு ஒரு நகல் தந்திருக்கவேண்டும். பெரும்பாலானோர் அதைப் படிக்காமல் ஃபைலில் சொருகிவிடுவார்கள், தேடிப் பாருங்கள்.

இதற்கு இணையாக மாநிலச் சட்டமும் இருக்கிறது. நியூ ஜெர்ஸி 2019-இல் தன் ஊதியச் சட்டத்தைக் கடுமையாக்கியது. ஆறு வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம், பாக்கியோடு அதன் 200 சதவீதம் வரை இழப்பீடும் கேட்கலாம். 28,000 மேல் 56,000 வைத்தால் 84,000 ஆகிறதா? இப்போது பாருங்கள், 75,000 வரம்பைத் தாண்டிவிட்டது. மன உளைச்சல் போட்டு ஊதவேண்டிய அவசியமே இல்லாமல் நாலாவது வாசல் திறக்கலாம். ஆனால் மூன்று எச்சரிக்கை. வேலையே செய்யாத நாட்களுக்கு இந்த மாநிலச் சட்டம் பொருந்தாது என்று கம்பெனி வாதாடும். அது ஒதுக்கித்தள்ளக்கூடிய வாதமும் அல்ல. பெஞ்சில் இருந்தபோது பயிற்சி, உள்வேலை, புது ஆட்களுக்கு நேர்காணல் என்று ஏதாவது செய்யச் சொன்னார்களா என்பது இங்கே முக்கியமாகிறது, நாள்வாரியாக எழுதிவையுங்கள். இரண்டாவது, 200 சதவீதம் என்பது உச்சம். முதல் தடவை, நல்லெண்ணத்தில் நடந்த தவறு என்று அவர்கள் காட்டிவிட்டால் அந்தக் கூடுதல் தொகை போய்விடலாம்.

மூன்றாவதை என் கட்சிக்காரர்கள் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அந்தக் கம்பெனி எல்.எல்.சி. என்ற வகையைச் சேர்ந்ததா என்று பாருங்கள். சாதாரணக் கார்ப்பரேஷன் என்றால் அது பதிவான மாநிலம், தலைமையகம் உள்ள மாநிலம், இந்த இரண்டின் குடிமகனாகக் கணக்கு. எல்.எல்.சி. என்றால் அதில் பங்குள்ள ஒவ்வொருவரும் எந்த மாநில, எந்த நாட்டுக் குடிமகனோ அதெல்லாம் கம்பெனியின் குடியுரிமை. பங்குதாரர்களில் ஒருவர் கிரீன் கார்டு வாங்கிவிட்டு இந்தியப் பாஸ்போர்ட்டோடே இருக்கிறார் என்று வையுங்கள். இந்தியர் மேல் இந்தியர் வழக்கு என்றாகி நாலாவது வாசல் மூடிக்கொள்ளும். நம்மவர் நடத்தும் கன்சல்டிங் கம்பெனிகளில் இது அபூர்வம் இல்லை.

வாசல் திறந்திருந்தாலும் அதற்குள் போகவேண்டுமா என்பது தனிக் கேள்வி. ஃபெடரல் நீதிபதி அங்கேயும் நியூ ஜெர்ஸி சட்டத்தைத்தான் பயன்படுத்துவார், 1938-லிருந்து அப்படி. வேறு நல்ல சட்டம் ஒன்றும் உள்ளே காத்திருக்கவில்லை. நுழைவுக் கட்டணம் 405 டாலர், விதிகள் கறார், ஆவணப் பரிமாற்றம் பெரிய வேலை. தனியாகப் போய்ச் சமாளிக்கும் இடம் என்று சொல்லமாட்டேன். மாநில சுப்பீரியர் கோர்ட்டில் போட்டால் செலவு குறைவு. அப்படிப் போட்டாலும் வெளிமாநிலக் கம்பெனி 30 நாளுக்குள் வழக்கை ஃபெடரல் கோர்ட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்கும் தயாராக இருங்கள். என் யோசனை: டபிள்யூ.எச்-4 இந்த வாரமே. மாநில வழக்குக்கு ஊதிய வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரிடம் ஆலோசனை. ஜெயித்தால் எதிர்த்தரப்பிடமிருந்து வக்கீல் கட்டணம் கேட்கச் சட்டம் இடம் தருவதால், முன்பணம் இல்லாமல் எடுப்பவர்கள் உண்டு.

இந்த மாதிரி வழக்குகள் எப்படி நடக்கின்றன என்று நீங்களே பார்க்க ஆசைப்பட்டால் பேசர் என்ற தளத்தில் கணக்குத் தொடங்குங்கள். எந்த ஃபெடரல் கோர்ட் வழக்கின் காகிதமும் அங்கே கிடைக்கும். பக்கத்துக்கு 10 சென்ட். மூன்று மாதத்தில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் அதுவும் வாங்கமாட்டார்கள். உங்கள் பழைய கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடினால், முன்பே யாராவது வழக்குப் போட்டிருக்கிறார்களா என்பது தெரியும்.

கிரீன் கார்டு பயம்: சிவில் வழக்கோ ஊதியப் புகாரோ கொடுத்தது கிரீன் கார்டை மறுக்கக் காரணம் ஆகாது. புகார் கொடுத்த தொழிலாளியைப் பழிவாங்குவதை, முன்னாள் ஊழியராக இருந்தாலும், எச்-1பி சட்டமே தடுக்கிறது. பழைய கம்பெனி உங்கள் கிரீன் கார்டுக்காகப் போட்ட ஐ-140 என்ற மனு ஏற்கப்பட்டு 180 நாள் ஆகியிருந்தால், அவர்கள் அதைத் திரும்பப் பெற்றாலும் அதனாலேயே அது ரத்தாகாது. 180 நாள் இன்னும் ஆகவில்லை என்றால் உங்கள் குடியேற்ற வக்கீலிடம் முதலில் பேசிவிடுங்கள்.

சுப்ரீம் கோர்ட்டுக்கு லெட்டர்

நம் ஊரில் நீதிபதிக்கு வந்த கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்ட வழக்குகள் உண்டு. இங்கே அந்த வழக்கம் இல்லை. கீழ்க்கோர்ட் தீர்ப்பிலிருந்து 90 நாளுக்குள் முறையான மனுப் போடவேண்டும், 300 டாலர் கட்டணம். ஒன்பது பேரில் நான்கு பேராவது எடுக்கலாம் என்று சொல்லவேண்டும். வருடத்துக்குச் சில ஆயிரம் மனு வருகிறது, அறுபது எழுபது வழக்கில்தான் வாதம் கேட்கிறார்கள். மாநில கோர்ட்டிலிருந்து வரும் வழக்கு என்றால் இன்னும் இரண்டு நிபந்தனை: அந்த மாநிலத்தில் போகக்கூடிய கடைசிப் படி வரை போயிருக்கவேண்டும், ஃபெடரல் சட்டக் கேள்வி ஒன்று அதில் இருக்கவேண்டும். மேல்முறையீட்டில் இரண்டு ஏணிகளும் ஒன்றையொன்று தொடும் இடம் இந்த உச்சி ஒன்றுதான்.

தொகை சின்னது என்பது தடை இல்லை. 1959-இல் கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் சாம் தாம்ப்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு கஃபேயில் பாட்டுக்குக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். போலீஸ் வந்து, வேலையில்லாமல் சுற்றுகிறாய் என்று பிடித்தது. ஏன் என்று கேட்டதற்கு ஒழுங்கீனம் என்று இன்னொரு குற்றம். இரண்டுக்கும் தலா 10 டாலர் அபராதம். அவ்வளவு சின்ன அபராதத்துக்குக் கென்டக்கியில் அப்பீலே கிடையாது. அதாவது, அந்த நகரப் போலீஸ் கோர்ட்டே அவருக்கு மாநிலத்தின் கடைசிப் படி! அங்கிருந்து நேராக வாஷிங்டன் போனார். எந்தச் சாட்சியமும் இல்லாமல் ஒருவரைத் தண்டிப்பது அரசியல் சட்டத்தின் 14-ஆவது திருத்தத்துக்கு விரோதம் என்று 1960-இல் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. மொத்தம் 20 டாலர் வழக்கு.

அவரிடம் இருந்த, உங்களிடம் இல்லாத ஒன்று அந்த 14-ஆவது திருத்தம். கார்ப்பெட் கறைக்கு அரசியல் சட்டத்தில் இடமில்லை.

இழுப்பறையில் இருக்கும் சம்மன்

ஃபெடரல் ஜூரியில் உட்கார அமெரிக்கக் குடியுரிமை, 18 வயது, அந்த டிஸ்ட்ரிக்டில் ஒரு வருட வாசம் எல்லாம் வேண்டும். நீங்கள் தகுதியில்லாதவர். ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் பெயர் எடுக்கும் இடங்களில் விசாக்காரர்களுக்கும் உறை வந்துவிடுகிறது. தகுதியில்லை என்பதற்காகக் கிழித்துப் போட்டுவிடக்கூடாது; பதில் சொல்லாதவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், மூன்று நாள் வரை சிறைகூட விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. படிவத்தில் குடியுரிமை பற்றிய கேள்விக்கு “இல்லை” என்று குறித்து, கையெழுத்திட்டு அனுப்புங்கள். கேட்டால் மட்டும் விசா நகல். அவசரத்தில் “ஆம்” என்று குறித்துவிடாதீர்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாகப் பதிவானால் கிரீன் கார்டுக்கே ஆபத்து. உங்கள் கடிதத்தில் உள்ள விஷயங்களில் கிரீன் கார்டை உண்மையிலேயே கெடுக்கக்கூடியது அந்த ஒரு குறிதான்.

உங்கள் மனைவியின் சந்தேகமும் வீண் இல்லை. ஜூரிக்கு வராததால் பிடிவாரண்ட் இருக்கிறது, உடனே பணம் கட்டு என்று தொலைபேசியில் மிரட்டும் கும்பல்கள் உண்டு. கோர்ட் அப்படிப் பணம் கேட்காது, தொலைபேசியில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கேட்காது. உறையில் உள்ள எண்ணை நம்பாமல், நியூ ஜெர்ஸி டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டின் இணையதளத்தில் ஜூரி அலுவலக எண்ணைத் தேடி எடுத்து, சம்மனில் இருக்கும் பங்கேற்பாளர் எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். உண்மையானதுதான் என்றால் பதிலை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, நாளைக்கே தபாலில் சேர்த்துவிடுங்கள்.